உயரம் மட்டும் போதுமா?
கூடைப்பந்தில் நெடியவர்கள் கற்ற பாடம்

அமெரிக்க நாட்டின் கல்லூரிகளில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதம் கூடைப்பந்துப் பருவம் தொடங்குகிறது. அப்போது அரங்குகளின் படிக்கட்டு இருக்கைகளில் ஒரு பழைய வழக்கு மறுபடியும் விசாரணைக்கு வந்துவிடும். வழக்கு இதுதான்: கல்லூரி அணியில் இவ்வாண்டு பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் சேர்ந்திருக்கிறான். ஏழடிக்கு ஓர் அங்குலமோ இரண்டு அங்குலமோதான் குறைவு. "இவன் ஒருவன் போதும், கூடைக்கு அடியில் விழும் பந்தெல்லாம் நமக்கே" என்கிறார் ஒரு ரசிகர். "பொறும் ஐயா! கொடிபோல ஒல்லியாக இருக்கிறான். ஆறரை அடிக்காரன் ஒருவன் தோளால் தள்ளினால் ஓரமாய்ப் போய் நிற்பான்" என்கிறார் மற்றவர்.

இருவரில் யார் சொல்வது சரி? வாசகர்களே, இந்த வழக்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. இதற்குத் தீர்ப்புச் சொல்ல வரலாறும் வேண்டும். சிறிதளவு இயற்பியலும் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

பத்தடி உயரம் எப்படி வந்தது?

கூடைப்பந்து, பிறந்த நாளைத் திட்டமாகச் சொல்லக்கூடிய விளையாட்டுகளுள் ஒன்று. 1891 டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரிலிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை உருவாக்கினார். அவர் கனடா நாட்டவர். பனிக்காலத்தில் வெளியே விளையாட முடியாத மாணவர்களுக்கு உள்ளரங்கில் ஆடத்தக்க ஒரு விளையாட்டு தேவைப்பட்டது. பீச் பழக்கூடைகள் இரண்டை உடற்பயிற்சிக் கூடத்து மாடியின் கைப்பிடிச் சட்டத்தில் ஆணியடித்து மாட்டினார். அச்சட்டம் தரையிலிருந்து பத்தடி உயரத்தில் இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. இன்றும் கூடையின் உயரம் அதே பத்தடிதான், அதாவது 3.05 மீட்டர்.

இந்த விளையாட்டு நம் மண்ணுக்கு வந்த வழியும் அதே பள்ளியோடு தொடர்புடையது. 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவரே.

கூடை பத்தடியில் நிலைத்துவிட்டது. ஆனால் ஆட வந்த மனிதர்கள் நெடிது வளர்ந்துகொண்டே வந்தார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

முதற்காலத்தில் நெடியவருக்கு ஒரே ஒரு வேலைதான் இருந்தது. ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்தை ஆடுகளத்தின் நடுவே கொண்டுவந்து, இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவரை நிறுத்தி, நடுவர் பந்தை மேலே எறிவார். உயரமானவர் அதைத் தட்டித் தம் அணியினரிடம் கொடுப்பார். பிறகு அவரை யாரும் கண்டுகொள்வதில்லை. 1937-இல் இவ்விதி நீக்கப்பட்டது. அதன்பின் "இந்த நெடுமரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்ற எண்ணம் பயிற்சியாளர் பலரிடம் இருந்தது. மிக உயரமானவர்கள் தடுமாறுவார்கள், ஓடமாட்டார்கள், கை கால் ஒன்றோடொன்று ஒத்துழையாது என்பதே அன்றைய பொதுக் கருத்து.

கண்ணாடி அணிந்த பையன்

இக்கருத்தை முதலில் உடைத்தவர் ஜார்ஜ் மைக்கன். உயரம் ஆறடி பத்து அங்குலம். பார்வைக் குறைவால் தடித்த மூக்குக்கண்ணாடி அணிந்தவர். ஒரு பெரிய பல்கலைக்கழகம் இவரைச் சோதித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. சிகாகோ நகரின் டிபால் பல்கலைக்கழகத்தில் 1942-இல் ரே மேயர் என்னும் இளம் பயிற்சியாளர் பொறுப்பேற்றபோது மைக்கன் அங்கே மாணவர்.

மேயர் செய்த வேலை வியப்பானது. அவர் மைக்கனுக்கு முதலில் பந்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. காலைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்! கயிறு தாண்டச் செய்தார். குத்துச்சண்டை அசைவுகளைப் பழக்கினார். நடனம்கூடக் கற்கச் செய்தார். கூடைக்கு அடியில் நின்று வலக்கையால் ஒரு முறை, இடக்கையால் ஒரு முறை என மாறி மாறிப் பந்தைப் போடும் பயிற்சியை நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை செய்ய வைத்தார். இன்றும் உலகெங்கும் சிறுவர்கள் பழகும் அப்பயிற்சிக்கு மைக்கன் பயிற்சி என்றே பெயர். தடுமாறுகிறான் என்று தள்ளப்பட்ட அப்பையனை, 1950-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அரை நூற்றாண்டின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர் என்று தேர்ந்தெடுத்தது.

அதே காலத்தில் ஓக்லகோமா வேளாண் கல்லூரியில் ஏழடி உயர பாப் கர்லண்ட் ஆடினார். அவருடைய பயிற்சியாளர் ஹென்றி ஐபா. கூடையை நோக்கிக் கீழிறங்கும் எதிரணியின் பந்தைக் கர்லண்ட் வளையத்திற்கு மேலேயே குதித்துத் தட்டிவிடுவார். எறிபவன் எவ்வளவு குறி பார்த்து எறிந்தாலும் பயனில்லை. விதி வகுப்போர் விழித்துக்கொண்டனர். கூடையை நோக்கிக் கீழிறங்கும் பந்தைத் தடுப்பவர் தொடக்கூடாது என 1944-இல் விதி செய்தனர். கர்லண்டின் கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். நடந்தது வேறு. 1945, 1946 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேசியக் கல்லூரிப் போட்டியில் அவர் அணியே வென்றது. பந்தைத் தட்டிவிடும் வழி அடைபட்டதும் அவர் வேறு திறன்களை வளர்த்துக்கொண்டார்.

மீள்பந்து என்றால் என்ன?

இனி நம் வழக்கின் மையத்திற்கு வருவோம். கூடையில் விழாமல் வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவதை ஆட்டக்காரர்கள் ரீபவுண்ட் என்பார்கள். நாம் அப்பந்தை மீள்பந்து என்று அழைப்போம். கல்லூரி ஆட்டங்களில் பாதிக்கு மேற்பட்ட எறிகள் தவறுகின்றன. தவறிய ஒவ்வொரு பந்தும் யாருக்கும் சொந்தமில்லாத பொருள், எடுத்தவருக்கே உரியது. ஆகவே மீள்பந்தில் தோற்ற அணி ஆட்டத்தில் வெல்வது கடினம்.

உயரமானவருக்கு இதில் எவ்வளவு சாதகம்? நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

பந்து வளையத்தில் பட்டு, தரையிலிருந்து 4 மீட்டர் உயரத்திற்கு எழும்பி, அங்கிருந்து விழத் தொடங்குகிறது என்று கொள்வோம். நெடியவர் ஒருவர் குதித்துக் கைநீட்டினால் 3.4 மீட்டரை எட்டுகிறார். மற்றவர் 3.2 மீட்டரை எட்டுகிறார். வேறுபாடு 20 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஒரு சாண். பந்து 0.6 மீட்டர் விழுந்தால் நெடியவர் கைக்கு வரும், 0.8 மீட்டர் விழுந்தால் மற்றவர் கைக்கு வரும். பள்ளியில் படித்த விழும் பொருளின் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். முதலாமவருக்கு 0.35 விநாடி, இரண்டாமவருக்கு 0.40 விநாடி. ஆக, ஒரு சாண் கூடுதல் எட்டு தரும் லாபம் ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு.

இப்போது இடத்தைக் கவனியுங்கள். களத்தில் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் நகரும் ஒருவர், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் அதைக் கடக்கக் கால் விநாடி வேண்டும். இது உயரம் தரும் லாபத்தைப்போல் ஐந்து மடங்கு! மாற்றிச் சொன்னால், இருபதில் ஒரு பங்கு விநாடியில் அவர் கடக்கும் தூரமும் 20 சென்டிமீட்டரே. ஒரு சாண் உயரத்தின் லாபத்தை ஒரு சாண் இடம் ஈடுசெய்துவிடுகிறது.

"அப்படியானால் உயரத்தால் பயனே இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. இருவரும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் குதித்தால் நெடியவரே வெல்வார். ஆனால் ஒரே இடத்திற்கு வந்து சேரவேண்டுமே!

இதற்கு ஆட்டத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. எதிரணி எறியும்போது தடுக்கும் அணி கூடைக்கும் எறிபவருக்கும் இடையில் நிற்கிறது. அதாவது கூடைக்கு அருகில் நிற்கிறது. அந்நிலையில் தவறும் பந்துகளில் பத்துக்கு ஏழு அளவில் தடுக்கும் அணிக்கே கிடைக்கின்றன. அதே அணி மறுமுனைக்குச் சென்று தானே எறியும்போது, தவறிய பந்துகளில் பத்துக்கு மூன்று அளவே அதற்குத் திரும்பக் கிடைக்கின்றன. ஆட்டக்காரர்கள் அவர்களே, உயரமும் அதுவே. மாறியது நிற்கும் இடம் மட்டும்தான். அவ்விடத்தைக் காப்பதற்குத்தான் பயிற்சியாளர்கள், பந்து வளையத்தை அடையுமுன்பே திரும்பி எதிராளியை முதுகால் மறித்து நிற்கச் சொல்கிறார்கள்.

இங்கேதான் இளைய நெடியவருக்குத் தொல்லை. வளரும் பருவத்தில் எலும்பு முன்னே நீள்கிறது. தசை பின்னால் வந்து சேர்கிறது. உயரம் கூடக்கூட உடலின் ஈர்ப்பு மையமும் மேலே செல்கிறது. முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகற்றி நிற்கும் ஆறரை அடி மனிதர், நிமிர்ந்து நிற்கும் ஏழடிப் பையனை எளிதில் இடம்பெயரச் செய்வதற்குக் காரணம் இதுவே. நம் இரண்டாவது ரசிகர் சொன்னதில் அறிவியல் இருக்கிறது.

வடிவியல் பேசிய இருவர்

இடத்தின் அருமையை எல்லாரினும் நன்றாக உணர்ந்தவர் பில் ரஸ்ஸல். 1934-இல் லூயிசியானா மாநிலத்தில் பிறந்து, கலிபோர்னியாவின் ஓக்லண்டில் வளர்ந்த கறுப்பின இளைஞர். உயர்நிலைப் பள்ளியில் அவர் புகழ்பெற்ற வீரர் அல்லர். இளையோர் அணியில் பதினாறு பேருக்குப் பதினைந்து சீருடைகளே இருந்தன. பதினாறாம் ஆளான ரஸ்ஸல் ஒரு சீருடையை இன்னொருவனோடு பங்கிட்டுக்கொண்டார். கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை தர முன்வந்தது ஒரே ஒரு நிறுவனம்: சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம்.

அங்கே அவருடைய அறைத்தோழர் கே.சி. ஜோன்ஸ். இருவரும் இரவெல்லாம் கூடைப்பந்தைப் பற்றிப் பேசுவார்கள். பந்து எந்தக் கோணத்தில் வந்தால் எங்கே திரும்பும், ஒருவனை எப்பக்கம் விலக்கினால் எவ்விடம் காலியாகும் என்று அதை ஒரு வடிவியல் கணக்காகவே அலசினார்கள். பக்கவாட்டிலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் எதிர்ப்பக்கமே செல்லும். தொலைவிலிருந்து எறிந்தது தொலைவிலேயே விழும். இத்தகைய அறிவைக் கால்களில் ஏற்றிக்கொண்டவருக்குப் பந்து தானே வந்து கையில் விழுவதுபோல் தோன்றும்.

பயன்? 1955, 1956 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் சான் பிரான்சிஸ்கோ தேசிய வாகை சூடியது. கல்லூரி ஆட்டங்களில் ரஸ்ஸல் சராசரியாக 20.3 மீள்பந்துகளை எடுத்தார். இதே அணி 1954 டிசம்பரில் ஓக்லகோமா நகருக்கு ஆடச் சென்றபோது, விடுதிகள் கறுப்பின வீரர்களுக்கு இடந்தர மறுத்தன. அணி முழுவதும் ஒன்றாக ஒரு கல்லூரியின் காலி விடுதியில் தங்கி ஆடியது. தோற்றத்தைப் பார்த்து மனிதனை அளப்பவர்கள் களத்திற்கு வெளியேயும் இருந்தார்கள்.

1950-களின் நடுவில் கூடைக்கு முன்னுள்ள பகுதியின் அகலம் ஆறடியிலிருந்து பன்னிரண்டடியாக உயர்த்தப்பட்டது. எறியும் அணியினர் அப்பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. நெடியவர்களைக் கூடையிலிருந்து தள்ளி நிறுத்துவதே நோக்கம். விதிப் புத்தகமும் நிற்கும் இடத்தைத்தான் குறிவைத்தது என்பதைக் கவனியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. 20 என்ற எண்ணைக் கண்டு, இன்றைய வீரர் 10 எடுப்பதால் பாதித் திறமைதான் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. 1940-களின் இறுதியில் கல்லூரி ஆட்டக்காரர்கள் எறிந்த நூறு பந்துகளில் முப்பதைப்போலவே கூடையில் விழுந்தன. 1980-களில் அது 48 வரை உயர்ந்தது. தவறும் பந்து குறைந்தால் மீள்பந்தும் குறையும் அல்லவா? வெவ்வேறு காலத்து எண்களை ஒப்பிடும் முன் அவை பிறந்த சூழலையும் பார்க்கவேண்டும்.

முதலாண்டு மாணவர்கள்

முதல் ரசிகருக்கும் சான்றுகள் உண்டு. அக்காலத்தில் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக்கூடாது. தனி அணியில்தான் ஆடவேண்டும். 1955-இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் வில்ட் சேம்பர்லேன் என்னும் ஏழடி இளைஞர் சேர்ந்தார். நைஸ்மித் பின்னாளில் பணியாற்றிய பல்கலைக்கழகம் அது. பருவத் தொடக்கத்தில் நடந்த பழக்க ஆட்டத்தில் முதலாண்டு அணி முதன்மை அணியை 81–71 என்று வென்றது. சேம்பர்லேன் மட்டும் 42 புள்ளிகளும் 29 மீள்பந்துகளும் எடுத்தார். 1965-இல் லூ அல்சிண்டர் அங்கம் வகித்த கலிபோர்னியப் பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலிஸ் கிளையின் முதலாண்டு அணி, அதற்கு முந்தைய பருவத்தில் தேசிய வாகை சூடிய தன் முதன்மை அணியையே 75–60 என்று தோற்கடித்தது!

அல்சிண்டர்தான் பின்னாளில் கரீம் அப்துல் ஜபார் என்று பெயர் பெற்றவர். கூடைக்கு மேலிருந்து பந்தை உள்ளே திணிப்பதை 1967-இல் விதி தடைசெய்தது. அத்தடை 1976 வரை நீடித்தது. அவரோ கையை வளைத்து மேலிருந்து எறியும் கொக்கி எறியைக் கூர்மையாக்கினார். அதற்கு அடிப்படை, சிறுவனாக இருந்தபோது அவர் பழகிய மைக்கன் பயிற்சி. அவர் ஆடிய மூன்று ஆண்டுகளும் வாகை அவருடைய அணிக்கே. ஆகவே ஆயத்தமாகவே வரும் இளைஞர்களும் உண்டு. ஆனால் அவர்கள் சிறுவயது முதலே பழகி வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. முதலாண்டு மாணவர்களும் முதன்மை அணியில் ஆடலாம் என்று 1972-இல் விதி மாறியது. ரசிகர்களின் அவசரமும் அன்றிலிருந்து கூடிவிட்டது எனலாம்.

1983 ஏப்ரல் 4

இந்த வழக்கில் மிகச் சிறந்த சாட்சி ஹகீம் ஒலாஜுவான். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்தவர். கைப்பந்தாட்டமும் கால்பந்தில் இலக்குக் காவலும் பழகியவர். பதின்வயதின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். 1980-இல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஓராண்டு அவரைப் போட்டியில் இறக்கவே இல்லை. கோடைக்காலத்தில் அந்நகரப் பொது அரங்கில், மீள்பந்தில் பெயர்பெற்ற தொழில்முறை வீரர் மோசஸ் மலோனோடு மோதிப் பழகினார்.

1983 ஏப்ரல் 4 அன்று அல்புகர்க்கி நகரில் இறுதிப் போட்டி. ஹூஸ்டன் தொடர்ந்து 26 வெற்றிகளோடு வந்திருந்தது. எதிரே வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம். ஒலாஜுவான் 20 புள்ளிகளும் 18 மீள்பந்துகளும் எடுத்தார். சில விநாடிகளே எஞ்சியிருக்கையில் ஆட்டம் 52–52. எதிரணியின் டெரக் விட்டன்பர்க் வெகுதொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தை எட்டாமலே இறங்கியது. கூடைக்கு அருகில் நின்ற லாரன்ஸோ சார்ல்ஸ் என்ற ஆறடி ஏழு அங்குல இளைஞர் அதைக் காற்றிலேயே பற்றிக் கூடைக்குள் திணித்தார். 54–52. ஏழடி ஒலாஜுவான் மிக அருகில்தான் இருந்தார். அன்று அவர் எடுத்த 18 பந்துகளை எடுத்துக்காட்டி முதல் ரசிகர் வாதாடலாம். கைக்கு வராத அந்த ஒரு பந்தைக் காட்டி இரண்டாமவர் வாதாடலாம்.

ஒலாஜுவானோ வாதாடவில்லை; பழகிக்கொண்டிருந்தார். பின்னர் தொழில்முறைக் களத்தில் 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் ஹூஸ்டன் நகர அணிக்கு இரு வாகைகளைப் பெற்றுத் தந்தார்.

தீர்ப்பு

குறைந்த உயரத்தோர் கதையும் இதற்கு வலுச்சேர்க்கும். ஆறடி ஏழு அங்குல டென்னிஸ் ராட்மன், பள்ளி முடித்தபின் பல அங்குலம் வளர்ந்தவர்; ஒரு சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். 1992 முதல் 1998 வரை தொடர்ந்து ஏழு பருவங்கள் தொழில்முறை அணிகளின் மீள்பந்துப் பட்டியலில் அவரே முதலிடம். ஒவ்வொருவரும் எறியும் பந்து எப்படிச் சுழல்கிறது, எங்கே விழுகிறது என்று உற்றுப் பார்த்துப் படித்தவர் அவர். 2011-இல் மோர்ஹெட் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஃபரீட், 1973-க்குப் பிந்தைய கல்லூரி ஆட்டங்களில் மிகுதியான மீள்பந்துகள் எடுத்தவர் என்ற சாதனையைப் படைத்தார். 1,673 பந்துகள்! அவருடைய உயரம் ஆறடி எட்டு அங்குலம். அவருக்கு முன் அச்சாதனையை வைத்திருந்தவர் அவரைவிட நெடியவரான டிம் டங்கன்.

ஆகவே தீர்ப்பு இப்படி அமைகிறது. உயரம் முதல் ரசிகர் நினைப்பதுபோல் கைமேல் கிடைத்த ரொக்கம் அன்று, அது விதைநெல். நிலம் உழுது நீர் பாய்ச்சினால்தான் விளையும். ஒல்லிப் பையனைக் கண்டு இவன் தேறமாட்டான் என்று முதலாண்டிலேயே எழுதிவிடும் இரண்டாம் ரசிகரும் அவசரக்காரரே. மைக்கனை வேண்டாம் என்று அனுப்பியவரும், ரஸ்ஸலைக் கண்டும் உதவித்தொகை தர முன்வராத கல்லூரிகளும் செய்த பிழை அதுதான்.

அடுத்த முறை உங்கள் பள்ளி மைதானத்தில் கூடைப்பந்து ஆட்டம் நடக்கும்போது ஒன்று செய்யுங்கள். எறிந்த பந்தைப் பார்க்காதீர்கள். பந்து காற்றில் இருக்கும் அந்த ஒரு விநாடி, கூடைக்கு அடியில் இருப்பவர்களின் கால்களைப் பாருங்கள். எவன் கால் முதலில் நகர்கிறதோ, பெரும்பாலும் அவன் கையில்தான் பந்து வந்து சேரும். அவன் அந்தக் களத்திலேயே உயரமானவனாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஒருவேளை அவன் உயரமானவனாகவே இருந்து, கால்கள் இன்னும் தடுமாறினால், அவனைப் பார்த்து நகைக்காதீர்கள். அவன் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்துத் தாண்டச் சொல்லுங்கள்.